சைவவுணவும் கல்லூரி மகளிரும்

உயிர்கள் உடம்பொடு கூடி வாழ்தற்கு உணவு இன்றியமையாதது. அவ்வுணவு யாது, எத்துணை, எக்காலத்து, எக்கருத்தோடு கொள்ளற்பாலது என்னும் நான்கனையும் ஆராய்ந்து உண்பார் சிலர். வைத்ததை உண்டு போவார் பலர். இல்லத்தின்கண் வளரும் பெண்மக்கட்கு இவ்வாராய்ச்சி பெரும்பாலும் வேண்டப்படுவதன்று. தாயும் பாட்டியும் அதனை அவர்பொருட்டு முடித்து வைக்கின்றனர். பதினேழு பதினெட்டு வயதிற் பல்கலைக்கழகம் புகுந்து விடுதியில் உறையத் தொடங்கியவழி, அந்நான்கும் அவர் தம் பொறுப்பாகின்றன. அங்ஙனம் பொறுப்பேற்கும் இளமகளிருள் புலால் நீக்கிய உணவே கொள்வாரது நிலையையும், அவர் அறிந்துகொள்ள வேண்டுவனவற்றையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

சைவம் என்னுஞ் சொல் சிவசம்பந்தமுடையது என்னும் பொருட்டு. தமிழகத்தில் அச்சொல் புலால் நீக்கிய உணவிற்கும் பெயராய் வழங்குகின்றது. ஒரு சமயத்தின் பெயரே ஓர் உணவின் பெயராய் நின்றமை, அச்சமயத்தார் கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் எத்துணைப் பெருமையுடையனவாகப் போற்றினர் என்பதனை விளக்கும். திருமந்திரத்து முதல் தந்திரத்தில் இவ்விரண்டும் தனித்தனி வைத்துக் கூறப்பட்டன. திருக்குறளிற் புலான்மறுத்தல் 26ஆம் அதிகாரம். அதன் முன் நிற்பது அருளுடைமை. இவ்வைப்பு முறையை நோக்குவார்க்கு, புலால் மறுத்தல் தனித்து நிற்பதோர் உணவு விதியன்று, அருளினின்று பிறப்பதோர் ஒழுக்கம் என்பது இனிது விளங்கும்.

அற்றேல், வள்ளுவர் உணவைப் பற்றி அவ்வோரிடத்து மட்டுமே கூறி அமைந்தாரோ எனின், அன்று. பொருட்பாலில் 95ஆம் அதிகாரமாகிய மருந்து என்பதன்கண் உண்ணும் முறையை விரித்துரைக்கின்றார். அளவின் மிக்க உணவேயன்றி அளவிற்குக் குறைந்ததும் பிணிக்கு ஏதுவாம் என்பது அதன் தொடக்கத்திலேயே பெறப்படும். எனவே, 26ஆம் அதிகாரம் எதனை விலக்குக என்று கூற, 95ஆம் அதிகாரம் கொள்வதனை எங்ஙனம் கொள்க என்று கூறிற்று. இவ்விரண்டனுள் முன்னதை மட்டும் கைக்கொண்டு பின்னதைக் கைவிடுதலே இக்காலத்துக் கல்லூரி மகளிர் பலர்க்கு நேரும் இடர் என்பது இக்கட்டுரையின் துணிபு.

இனி, பெயர் ஒன்றாயினும் பொருள் பலவாதலை அறிதல் வேண்டும். இங்கிலாந்து தேயத்து ராம்ஸ்கேட் என்னும் ஊரில் 1847ஆம் ஆண்டு தோன்றிய மரக்கறியுணவுச் சங்கத்தார் ஊனை விலக்கினர். பாலையும் முட்டையையும் விலக்குக என்று கட்டாயப்படுத்தினாரல்லர். 1944ஆம் ஆண்டில் டானல்டு வாட்சன் முதலாயினோர் அவற்றையும் ஒருங்கே நீக்குவதாகிய வீகன் சங்கத்தை நிறுவினர். நம் நாட்டு வழக்கோ இவ்விரண்டற்கும் இடைப்பட்டது. பால் கொள்ளப்படும், முட்டை தள்ளப்படும். பொதிந்து விற்கும் உணவுப்பண்டங்கட்குப் பச்சைப் புள்ளியிட விதிக்கும் இந்தியச் சட்டமும், முட்டை கலந்த பண்டத்திற்கு அக்குறியை வழங்குவதன்று. இன்று பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி ‘யான் சைவம்’ என்பாளாயின், அவள் இம்மூன்றனுள் எதனைக் கருதினாள் என்று வினவியே தெளிதல் வேண்டும். அவளுக்கு எச்சத்துக் குறைபடும் என்பது அவ்விடையைப் பொறுத்தது.

இதனினும் சிறந்த வேறுபாடு கருத்துப்பற்றியது. இம்மகளிர் மூவகையர். குடிவழக்காற் புலால் உண்ணாதார் முதல் வகையர். விலங்குகள் படுந் துன்பத்தையேனும், நிலமும் நீரும் காற்றும் கெடுவதனையேனும் எண்ணித் தாமே ஆராய்ந்து துணிந்தோர் இரண்டாம் வகையர். உடம்பு மெலிய வேண்டும் என்னும் விருப்பால், ஊனை விலக்குதலை உணவு குறைத்தற்கு ஒரு வாயிலாகக் கொண்டோர் மூன்றாம் வகையர். மூவர் இலையும் பார்வைக்கு ஒன்றே. மூவர் உள்ளமும் வேறு.

இரண்டாம் வகையார்க்கு ஒரு பெண்மணியின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும். அன்னா கிங்ஸ்போர்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி 1846ஆம் ஆண்டு பிறந்தவர். தம் நாட்டில் மகளிர்க்கு மருத்துவக் கல்வி எளிதிற் கிட்டாமையின், 1874ஆம் ஆண்டிற் பாரிசு நகர் சென்று பயிலப் புகுந்தார். அக்காலத்து அப்பயிற்சியில் உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆராய்தல் வழக்கமாயிருந்தது. அவர் அதற்கு உடன்படாமலே பயின்று 1880ஆம் ஆண்டிற் பட்டம் எய்தினார். பட்டத்தின்பொருட்டு அவர் எழுதிய ஆராய்ச்சியுரையின் பொருளே மக்கட்கு மரக்கறியுணவு ஏற்புடையது என்பதாகும். இளமை தொட்டே உடல்நலங் குன்றியிருந்த அவர் நுரையீரல் நோயால் 1888ஆம் ஆண்டில் மறைந்தார். அவரது வாழ்நாள் குறுகினமையை அவர்தம் உணவின்மேல் ஏற்றுதல் முறையன்று. ஈண்டுக் கொள்ளத்தக்கது, அவர் தாம் மேற்கொண்ட ஒழுக்கத்தை விருப்பளவில் நிறுத்தாது அறிவுத்துறையாக்கிப் பயின்றார் என்பதே. தாம் உண்பதனைத் தாமே கற்றறிந்து உண்டவர் அவர். இக்காலத்து மாணவியர் அவர்பால் அறிந்து கொள்ள வேண்டுவதும் இதுவேயாம்.

அறிதற்குரியவற்றுள் முதலாவது இரும்புச்சத்து. மகளிர்க்குத் திங்கள்தோறும் குருதி கழிதலின், ஆடவரினும் அவர்க்கு இச்சத்து மிகுதியும் வேண்டப்படும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2020ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி நாளொன்றுக்கு ஆடவர்க்கு 19 மில்லிகிராமும் மகளிர்க்கு 29 மில்லிகிராமும் உணவிற் கிடைத்தல் வேண்டும். 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வோ, 15 முதல் 49 வரை வயதுடைய இந்திய மகளிருள் நூற்றுக்கு 57 பேர் குருதிச் சோகை உடையர் எனக் காட்டிற்று. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். தமிழ்நாட்டு மகளிருட் பெரும்பாலார் ஊனுண்பாராகலின், இந்நோயைச் சைவவுணவின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. ஆயினும், ஊனுண்ணாத மாணவி ஒருத்தி இதன்கண் இருமடங்கு விழிப்புடையளாதல் வேண்டும். வகுப்பிற் சோர்ந்திருப்பாளை மடியுடையாள் எனக் கருதி வெகுளும் ஆசிரியர் பலர் உளர். அவள் முகத்தின் வெளிறிய நிறத்தை நோக்குவார் சிலரே. மாடிப்படி ஏறுங்கால் மூச்சு வாங்குதலும், படித்தது மனத்தில் நில்லாமையும், எப்பொழுதும் அயர்ச்சியும் இந்நோயின் குறிகளாதல் கூடும்.

தாவரங்களில் இரும்புச்சத்து இல்லையோ எனின், உண்டு. கொண்டைக்கடலை, காராமணி, எள், கம்பு, கீரைகள் ஆகியவற்றில் அஃது உளது. ஆயின், ஊனிலுள்ள இரும்பு போலத் தாவரத்து இரும்பு எளிதிற் குடலால் ஏற்கப்படுவதன்று. தானியங்களிலும் பருப்புக்களிலும் உள்ள பைட்டேட்டு என்னும் பொருள் அதனைப் பற்றி நிறுத்துகின்றது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்பொருள்களும் அங்ஙனமே தடைசெய்கின்றன. இவற்றுக்கு மாறாக, நெல்லிக்கனி, கொய்யாக்கனி, எலுமிச்சை முதலியவற்றிலுள்ள சி என்னும் உயிர்ச்சத்து அவ்விரும்பை உடல் ஏற்குமாறு துணைபுரிகின்றது. ஊறவைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் என்னும் நம் அடுக்களை முறைகள் பைட்டேட்டைக் குறைப்பன. ஆகலின், ஒரே சுண்டல் உண்ணும் இருவருள், உடன் எலுமிச்சை பிழிந்து உண்பாள் பெறும் பயன் வேறு. உடன் தேநீர் பருகுவாள் பெறும் பயன் வேறு. உணவிற்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் விட்டு அருந்துதல் பொருட்செலவில்லாததோர் மருந்தாம்.

இரண்டாவது, பி12 என்னும் உயிர்ச்சத்து. இதனை ஆக்குவன நுண்ணுயிர்கள். மரஞ்செடி கொடிகள் ஆக்குவனவல்ல. விலங்குவழிப் பெறும் பொருள்களிலேயே இஃது இயல்பாக உளது. பாலும் தயிரும் மோரும் போதிய அளவு கொள்வார்க்கு இது கிடைக்கும். பாலையும் விட்டார்க்கோ, இச்சத்துச் சேர்க்கப்பட்ட உணவாலேனும் மாத்திரையாலேனும் அன்றிப் பெறும் வழி இல்லை. குறைபாடு உடனே வெளிப்படுவதன்று. ஈரலின்கண் உள்ள சேமிப்புச் சில ஆண்டுகட்குப் போதுமாகலின், மாணவி தான் நலமுடையள் என்றே எண்ணியிருப்பாள். பின்னர்க் கைகால் மரத்தலும், மறதியும், குருதிக் குறைவும் தோன்றும். நரம்பிற்கு நேருங் கேடு நாட்படின் மீளாமையும் உண்டு. இச்சத்துப் பிரித்தெடுக்கப்பட்டது 1948ஆம் ஆண்டிலாம். இதன் அணுவமைப்பை 1950களில் ஆராய்ந்து கண்டவர் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியையாராகிய டாரதி ஹாட்ஜ்கின். அவ்வம்மையார் 1964ஆம் ஆண்டில் வேதியியற்குரிய நோபல் பரிசு பெற்றார். பழைய நூல்களில் இது கூறப்படாமை கருதி இதனை இகழற்க. முன்னோர் பாலும் மோரும் நாள்தோறும் கொண்டமையின் அவர்க்கு இவ்வாராய்ச்சி வேண்டப்பட்டிலது. அவர் வழக்கில் ஒரு பகுதியை நீக்குவார், நீக்கிய இடத்து வைப்பது யாது என்று ஆராயக் கடமைப்பட்டவராவர்.

மூன்றாவது புரதம். 55 கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 46 கிராம் வேண்டும் என்பது மேற்குறித்த கழகத்தார் அளவு. அரிசி நூறு கிராமில் ஏழெட்டுக் கிராமே உளது. பருப்பு நூறு கிராமில் இருபதுக்கு மேற்பட்டது. அரிசியிற் குறைபடும் லைசின் என்னும் கூறு பருப்பில் நிறைந்துளது. பருப்பிற் குறைபடும் மெத்தியோனின் அரிசியில் உளது. இட்டலியும் தோசையும் பொங்கலும் பருப்புச்சோறும் இவ்விரண்டனையும் ஒருங்கு கூட்டுவன. ஆயின், கூட்டும் அளவு நன்று என்பது வீட்டிற்கே பொருந்தும். விடுதிச் சாம்பாரில் ஓர் அகப்பைக்குப் பருப்பு எத்துணை என்பதனைத் தட்டின் அடியை நோக்கியே அறியலாம். அவ்வழி வறுத்த நிலக்கடலை, சுண்டல், முளைப்பயறு, தயிர் ஆகியவற்றைத் தாமே தேடிச் சேர்த்துக்கொள்ளுதல் தக்கது. கேழ்வரகு நூறு கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணச்சத்து உளதாகலின், அதனையும் மறவாதிருத்தல் நலம்.

இவ்விடத்துப் பச்சைப் புள்ளியைப் பற்றி ஒன்று கூறுதும். அது பண்டத்தில் ஊனின்மையைக் காட்டுமேயன்றி உணவுடைமையைக் காட்டாது. உருளைக்கிழங்கு வறுவலும், சர்க்கரைப் பாகேறிய குளிர்நீரும், பொதியிலடைத்த மாவிழைகளும் அப்புள்ளி உடையனவே. காலையுணவை விட்டு, நண்பகல் வெறுஞ்சோறு உண்டு, மாலை இவற்றால் வயிற்றை நிரப்புவாள் ஒருத்தி, புலால் உண்ணாதவள் ஆவள். ஆயினும் 95ஆம் அதிகாரத்தின் வழிப்பட்டவள் ஆகாள்.

இனி, மேற்கூறிய மூன்றாம் வகையாரை நோக்குவாம். அமெரிக்க உணவியற் சங்கத்தாரின் திங்களிதழில் 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியொன்று, கல்லூரி மகளிருள் தம்மை மரக்கறியுணவினர் எனக் கூறிக்கொண்டார்பால், உணவைக் கண்டு அஞ்சி ஒறுக்கும் மனநோய்க்குரிய குறிகள் பிறரினும் மிக்கிருந்தன எனக் காட்டிற்று. இதனைக் கண்டு, சைவவுணவு மனநோய் விளைக்கும் என்று சிலர் துணிந்தனர். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சிகள் அத்துணிபை நுணுக்கித் தெளிவித்தன. ஊனை முழுதும் விலக்கினார்பால் அத்தகைய ஒறுப்பு மிகுந்து காணப்பட்டிலது. ஊனை ஒருவாறு குறைத்து அரைகுறையாக விலக்கினார்பாலே அது மிக்கிருந்தது. அவருட் பலர் உடலெடை கருதியே அங்ஙனம் செய்தனர். ஆகலின், உணவு நோயை விளைத்ததன்று. நோய் உணவின் பெயரைப் போர்வையாகப் போர்த்துக்கொண்டது என்பதே பொருந்துவதாம். ‘எனக்குப் பசியில்லை’ என்பாளைத் தாய் வினவுவாள். ‘அது யான் உண்பதில்லை’ என்பாளை ஒருவரும் வினவார். அப்போர்வையின் வலி இத்தகையது.

சித்தாந்த நூல்வழி நோக்குவார்க்கு இதன் குற்றம் இன்னும் தெளிவாம். ஆணவ மலத்தாற் கட்டுண்டு கிடந்த உயிர் அறிவு விளங்கும்பொருட்டு இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனையும் கூட்டுவித்தான் என்பது நம் நூற்றுணிபு. தனுவாகிய உடம்பு பகையன்று. உயிர்க்கு அளிக்கப்பட்டதோர் கருவி. திருமூலர், உடம்பை இழிவென்று கருதுதலை விடுத்து, இறைவனுக்கு இடமாதல் கண்டு அதனைப் போற்றியவர் ஆவர். அங்ஙனமாக, கண்ணாடியின் முன்னின்று தன் உடம்பை வெறுத்து அதனை வாட்டுவாள் புலாலை விட்டாளாயினும், விடுதற்கு ஏதுவாகிய அருளைப் பெற்றிலள். ஆட்டின்மாட்டும் கோழியின்மாட்டும் செல்லும் அருள் தன்மாட்டும் செல்லாதாயின், அவ்வருள் நிறைவுடையதாதல் யாங்ஙனம்?

ஈண்டு ஓர் ஆசங்கை: நம் சமயத்தார் நோன்பு நோற்று உணவை விடுதல் இல்லையோ? சிவராத்திரியிலும் கந்தசட்டியிலும் பட்டினி கிடத்தல் உண்டன்றோ எனின், உண்டு. ஆயினும், நோன்பிற்குத் தொடக்கமும் முடிவும் வகுக்கப்பட்டுள. முடிவிற் பாரணை உண்டு. பாரணையோடு முடிவதே நோன்பு. நாள் வரையறையும் பாரணையும் இன்றி, எடைக்கருவியின் முள்ளை நோக்கி உணவைக் குறைத்துக்கொண்டே செல்லுதல் நோன்பாகாது, அது பிணியாம். அதற்குரியது மருத்துவர் துணையேயன்றிப் பாராட்டன்று.

மற்றும் ஓர் ஆசங்கை: கண்ணப்ப நாயனார் ஊனைப் படைத்தாரன்றோ, அதனை இறைவன் ஏற்றானன்றோ என்று ஊனுண்ணும் தோழியர் வினவுவர். விடுதி அறைகளில் இவ்வினா எழாத ஆண்டில்லை. இறைவன் ஏற்றது ஊனையன்று, அன்பையே என்பது பெரியபுராணங் கற்றார் யாவரும் அறிந்த விடை. தன் கண்ணையே இடந்து அப்பும் அன்பு எய்தியார்க்கு உரியதொரு நிகழ்ச்சியை, நாவின் சுவை கருதுவார் தமக்குச் சான்றாக்குதல் பொருந்தாது. ஆயினும், அவ்வரலாறு சைவவுணவினர்க்கும் ஓர் அறிவுரை கூறுகின்றது. முறை வழுவாத சிவகோசரியார்க்கு இறைவன் காட்டியது, முறையறியா வேடர்பால் உள்ள அன்பினை. எனவே, ஒரே அறையில் உறையும் தோழி ஊனுண்பாளாயின், அவளை இழிந்தவளாகக் கருதுதல் சைவமாகாது. அருளினாற் பிறந்த ஒழுக்கம் இகழ்ச்சியை ஈனுமாயின், தன் தாயையே கொன்றதாகும்.

இதுகாறும் கூறியவாற்றான், மாணவியர் மேற்கொள்ளத்தக்கன சிலவாகத் தொகுத்துரைக்கலாம். காலையுணவை விடற்க. நாள்தோறும் பருப்பு, பயறு, கடலை என்பவற்றுள் ஒன்றேனும் நிறையக் கொள்க. அதனோடு புளிப்புக் கனியொன்று சேர்க்க. தேநீரையும் காப்பியையும் உணவினின்று பிரித்து வைக்க. பாலும் தயிரும் கொள்க. கொள்ளாதார் பி12 சத்தினை மருத்துவரை வினவி வேறு வகையாற் பெறுக. ஆண்டிற்கு ஒருமுறை குருதியை ஆராய்வித்துக்கொள்க. அயர்ச்சியும் மூச்சு வாங்குதலும் உளவாயின் நாட்கடத்தற்க. இவற்றுள் பலவும் பெரும்பொருள் வேண்டாதன; ஒரு பிடி கடலையும் ஒரு கொய்யாக்கனியும் எவ்வூர்த் தெருவிலும் கிடைப்பன.

விடுதி காப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். ஊனுண்பார்க்குத் துண்டுகள் வைத்து, சைவவுணவினர்க்கு அத்துண்டுகள் இல்லாத குழம்பை மட்டும் வைத்தல் உணவளித்தலாகாது. விலக்கிய பொருளின் இடத்தில் சுண்டலோ பயறோ தயிரோ வைத்தலே கடன். பெற்றோரும் தம் மகள் விடுமுறையில் இல்லம் வந்தவழி, ‘புலால் உண்டனையோ’ என்று மட்டும் வினவாது, ‘வயிறார உண்டனையோ, என்ன உண்டனை’ என்றும் வினவுவாராக. முதல் வினா வழக்கத்தைக் காக்கும். இரண்டாம் வினா மகளைக் காக்கும்.

கொல்லாமை என்பது எவ்வுயிரும் நலிவுறாமை வேண்டி மேற்கொள்ளப்படுவது. அவ்வுயிர்த் தொகையுள் அதனை மேற்கொண்டாளது உயிரும் ஒன்று. தன்னுடம்பையும் இறைவன் அளித்த கருவியெனப் போற்றி, கற்றறிந்து, அளவறிந்து, மகிழ்ந்து உண்ணும் மாணவியே சைவவுணவினள் என்னும் பெயர்க்கு முற்றும் உரியவள் என்க. அத்தகையோர் நம் கல்லூரிகளில் நாளும் பெருகத் திருவருள் துணைபுரிவதாக.